எதற்கும் இரண்டு பிரதி

அக்காவிடம் ஒரு பால் பாக்கெட்டைக் கொடுத்தால் உடனே கத்தரியைத் தேட மாட்டார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். அப்புறம், "இது எங்கேருந்து வந்துச்சு?" என்பார். கடையிலிருந்து என்றால் எந்தக் கடை என்பார். முக்குக் கடை என்றால் அந்தக் கடைக்கு எங்கேருந்து வருது என்பார். அதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் பாதி வற்றியிருக்கும். "ஐயோ அக்கா, டீ குடிக்கணுமா வேண்டாமா?" என்று நான் கத்துவேன். "தேத்தண்ணி எங்க ஓடிறப் போகுது? கேட்டுக்கிட்டா என்ன கொறைஞ்சா போயிரும்?" என்பார்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "என் பேரை எங்கேருந்து எடுத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார். இப்போது அப்படி வந்து நின்றால்கூட எனக்குச் சந்தோஷம்தான்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு சின்ன சேவை அமைப்பில் இருவரும் வேலை பார்த்தோம். மழையில் இடிந்த வீடுகளைக் கட்டிக்கொடுக்கிற அமைப்பு அது. மலைக்கிராமங்களிலிருந்து விண்ணப்பம் வரும். எந்தக் குடும்பத்துக்குத் தகுதி உண்டு, எதற்கு இல்லை என்று பார்த்துப் பட்டியல் போடுவது எங்கள் சோலி. நான் பழனிக்காரி. அடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. அக்காவுக்குப் பெரும்பாறை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். திங்கள்கிழமை வெள்ளனே பஸ் பிடித்து மேலே வருவார், சனிக்கிழமை மதியம் கீழே போவார். கண்டக்டரிடம் பஸ் எங்கே போகிறது என்று கேட்பார். ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளிடமும் அதையே கேட்பார். இத்தனைக்கும் பதினைந்து வருஷமாக அதே பஸ், அதே கண்டக்டர்.

ஆபீசில் அவருக்கு நான் வைத்த பெயர் 'சி.ஐ.டி. அக்கா'. கொஞ்ச நாளில் டைரக்டர் சார் வாயிலும் அந்தப் பெயர் வந்துவிட்டது.

ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குக் கொடுக்க, சார் ஏரிக்கரையில் கால் மூட்டை மலைப்பூண்டு வாங்கி வந்தார். மேல்மலைக் கவுஞ்சி ஊர்ப் பூண்டு, மருந்து மாதிரி, அப்படி இப்படி என்று அவர்களிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பூண்டை எடுத்தார். தோலை நகத்தால் கீறினார். மோந்து பார்த்தார். "சார், இது எங்கேருந்து வாங்குனீங்க? இது கவுஞ்சிப் பூண்டு இல்லீங்க சார். கீழேருந்து வந்தது" என்றார். விருந்தாளிகளுக்கு நடுவில்! சார் முகம் செத்துப்போனது. அக்கா சொன்னது நிஜம்தான். பிறகு கவுஞ்சியிலிருந்து வந்த ஒரு விவசாயி பார்த்துவிட்டுச் சிரித்தார். ஆனால் உண்மையைச் சொல்வதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? அன்றிலிருந்து சாருக்கு அக்காவைக் கண்டாலே ஆகாது.

எனக்கும் அப்போது ஆகாதுதான். ஏன் மறைக்க வேண்டும்? மேஜை டிராயரைப் பூட்டிச் சாவியை ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொள்வார். ஒரு நீள நோட்டில் எதையோ எழுதிக்கொண்டே இருப்பார். நான் பக்கத்தில் போனால் மூடிவிடுவார். போன் வந்தால் வராந்தாவுக்குப் போய்விடுவார். எந்தக் காகிதம் பிரிண்ட் எடுத்தாலும் இரண்டு எடுப்பார். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று அவர் டிராயருக்கு. நம்மைப் பற்றித்தான் எழுதுகிறாரோ, நம் தப்பையெல்லாம் சேர்த்து வைக்கிறாரோ என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு மழை நாளில், கரண்ட் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டேன். "எதுக்குக்கா எல்லாத்துக்கும் ரெண்டு?"

"நாங்க கப்பல்ல வந்து எறங்கறப்ப எனக்கு எட்டு வயசு. எங்கேருந்து வர்றீங்கன்னு எங்கப்பாகிட்ட கேட்டாங்க. அங்க தோட்டத்துல இருந்தப்பவும் எங்கேருந்து வந்தீங்கன்னுதான் கேட்டாங்களாம். அப்பா எல்லாக் காகிதத்துலயும் ரெண்டு வச்சிருந்தாரு. ஒண்ணு வழியில மழையில ஊறிப்போச்சு. இன்னொண்ணு இருந்துச்சு, அதனால பொழைச்சோம். வெளங்குதா தங்கச்சி?"

வெளங்குது என்றுதான் தலையாட்டினேன். ஆனாலும் அந்த டிராயரில் என்ன இருக்கிறது என்ற யோசனை போகவில்லை.

எங்கள் பட்டியலைப் போடுகிற புரோகிராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது புரோலாக் என்ற மொழியில் எழுதியது. மற்ற மொழிகளில் இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று கட்டளை போடுவோம். இதில் அப்படி இல்லை. இன்னார் இன்ன ஊர், இன்ன காகிதம் வைத்திருக்கிறார் என்று விவரங்களைச் சொல்ல வேண்டும். இப்படி இருந்தால் தகுதி உண்டு என்று விதிகளைச் சொல்ல வேண்டும். அப்புறம், இந்தக் குடும்பத்துக்குத் தகுதி உண்டா என்று கேட்டால் உண்டு, இல்லை என்று பதில் வரும். தெரியாது என்ற பேச்சே கிடையாது. அதற்குத் தெரியாததெல்லாம் இல்லைதான். அக்காவுக்கு அது ஒன்றுதான் பிடிக்காது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். இல்லைன்னு சொல்லக் கூடாது" என்று திரையைப் பார்த்துத் திட்டுவார்.

விதிகளெல்லாம் தனித்தனி ஃபைல்களாக லைப்ரரியில் இருக்கும். புரோகிராம் ஃபைலின் பெயரை மட்டும் சொல்லும். அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் ஃபோல்டர், இரண்டாம் ஃபோல்டர் என்று நாம்தான் பாதை போட்டு வைக்க வேண்டும். கேட்ட பெயரில் ஒரு ஃபைல் முதலில் எங்கே கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் அதே பெயரில் இன்னொன்று இருந்தால் திரும்பியும் பார்க்காது. அதனால் அக்கா ஒருநாளும் பெயரை மட்டும் சொல்லி ஃபைலைக் கூப்பிட மாட்டார். முழுப் பாதையையும் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பார். "பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். எந்த வீடுன்னு சொல்லணும்ல?" நான் அப்படியே அவர் மாதிரிப் பேசிக் காட்டிச் சாரைச் சிரிக்க வைப்பேன்.

பழைய விதியில் வீடு கேட்டு வருகிறவர்கள் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும். பெரும்பாறைச் சரிவில் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு வெளியே வந்து மண்ணும் தகரமுமாகக் கட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு ரசீதுக்கு எங்கே போவது? அக்கா மீட்டிங்கில் மூன்று முறை எழுந்து பேசினார். ரசீது இல்லாவிட்டால் ஊரில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று விதியை மாற்ற வைத்தார். புது ஃபைலை அவரே எழுதினார். சோதனைக்கு ஓட்டிப் பார்த்தோம். பெரும்பாறையில் விண்ணப்பித்த பதினாறு குடும்பத்துக்கும் உண்டு என்று வந்தது. அதில் ஒன்று அவருடைய தம்பி குடும்பம். பின்சுவர் போன மழையில் விழுந்து, தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். அக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா பெயரைப் பார்த்து நானாகத்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததும், ஓகோ, விஷயம் இதுதானா என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த மாதமே ஓர் இடியில் ஆபீஸ் கம்ப்யூட்டர் போய்விட்டது. புதிதாக ஒன்று வந்தது, பழையதிலிருந்த எல்லோருடைய ஃபைல்களையும் மீட்டு அதில் ஏற்றினார்கள். பாதை போடுகிற வேலையைச் சார் என்னிடம் கொடுத்தார். நான் வெரசா முடித்தேன். புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என் சொந்த ஃபோல்டரை வரிசையில் முதலில் வைத்தேன். பார்த்து முடித்ததும் எடுத்துவிடலாம் என்று நினைப்பு. எடுக்க மறந்துபோனேன். தெரிந்த ஆள் பெயரைச் சொல்லி மலைக்கோயில் வரிசையில் முன்னால் போய் நின்றே வளர்ந்தவள் நான். என் ஃபோல்டர் முன்னால் நிற்பது என் கண்ணுக்கு உறுத்தவே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகிப் பார்க்க எடுத்து வைத்த பழைய விதி ஃபைல், அதே பெயரில், அந்த ஃபோல்டருக்குள் கிடந்தது. அது எனக்கு ஞாபகமே இல்லை.

பட்டியல் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது ஓட்டினேன். பெரும்பாறைக் குடும்பங்கள் பதினாறுக்கும் இல்லை என்று வந்தது.

அக்கா பட்டியலை வாங்கிப் பார்த்தார். "போன மாசம் உண்டுன்னு சொன்னது இந்த மாசம் எப்படி இல்லைன்னு சொல்லும்?"

"காகிதத்துல ஏதாச்சும் கொறை இருக்கும்."

"பதினாறுலயுமா? விதியை எங்கேருந்து எடுக்குதுன்னு பார்க்கணும் தங்கச்சி."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பாதை போட்டது நான். இது என்னைத்தானே கேட்கிற கேள்வி? "உங்க தம்பி பேரு இருக்கறதாலதான இவ்வளவு கேக்கறீங்க?" என்று வெடுக்கென்று சொன்னேன்.

அக்கா பட்டியலை மடிக்காமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஏதாவது திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இவர் என்ன திட்டம் போடுகிறாரோ என்று சாயந்திரம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். திரையில் என் ஃபோல்டர் திறந்து கிடக்கிறது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

"என்னக்கா பண்றீங்க என் மெஷின்ல?"

"பார்த்துக்கிட்டிருந்தேன்" என்று எழுந்துவிட்டார். பிரிண்டரில் வந்ததை எடுத்து ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் நேராகச் சார் அறைக்குப் போனேன். பெரும்பாறைப் பட்டியலில் அவர் தம்பி பெயர் இருப்பதையும், என் மெஷினில் அவர் எதையோ மாற்றுகிறார் என்று எனக்குத் தோன்றுவதையும் சொன்னேன். சார் அவரைக் கூப்பிட்டு, இனிமேல் அந்த மெஷினைத் தொடக் கூடாது என்றார். அக்கா சரிங்க சார் என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் மதியத்துக்குள் பட்டியல் போயாக வேண்டும். காலையில் நான் மாடிப்படி ஏறும்போதே அக்கா சார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு தாள்.

அந்த மொழியில் ஒரு வசதி உண்டு. இந்த விதியை எந்த ஃபைலிலிருந்து எடுத்தாய் என்று அதனிடமே கேட்கலாம். முழுப் பாதையையும் சொல்லிவிடும். முந்தின நாள் என் மெஷினில் அக்கா அதைத்தான் கேட்டிருக்கிறார். அது சொல்லியிருக்கிறது. தாளில் ஒரே ஒரு வரி. அதன் நடுவில் என் பெயர்.

"உங்க ஃபோல்டர்லேருந்துதான் வருது. பழைய ஃபைலு. தெரியாம கெடந்திருக்கும்" என்றார். குரலில் குத்தல் கொஞ்சமும் இல்லை. "நான் சொன்னா தம்பிக்காகச் சொல்றேன்னு ஆகிரும். நீங்களே சார்கிட்ட சொல்லிருங்க. நான் இங்கன நிக்கிறேன்."

தாளை வாங்கிக்கொண்டேன். எதற்கு இதை என்னிடம் கொடுக்கிறார்? நேராகச் சாரிடமே கொடுக்கலாமே? என்னை ஆழம் பார்க்கிறாரா? இன்னொரு பிரிண்ட் டிராயரில் இருக்குமே, நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துவிட்டு அதை எடுத்து நீட்டுவாரா? நீட்டினால் நீட்டட்டும். நேற்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான், அந்த ஃபைலை அவரே கொண்டுவந்து போட்டிருப்பார் என்று சொல்லிவிடலாம். இரண்டு நிமிஷத்தில் இவ்வளவும் என் மண்டைக்குள் ஓடியது.

என் இடத்துக்குப் போனேன். வரிசையிலிருந்து என் ஃபோல்டரை எடுத்தேன். மறுபடி ஓட்டினேன். பதினாறுக்கும் உண்டு என்று வந்தது. அந்தத் தாளை நாலாகக் கிழித்து டீச்சக்கையோடு குப்பையில் அமுக்கினேன். புதுப் பட்டியலோடு சார் அறைக்குள் போனேன்.

"முந்தாநேத்து இல்லைன்னு சொன்னுச்சு. இன்னைக்கு எப்படிம்மா உண்டுன்னு சொல்லுது?"

"ஒரு ஃபைல் மாறிக் கெடந்துச்சு சார். சரி பண்ணிட்டேன்."

"யாரு மாத்துனது?"

நான் வாயைத் திறக்கவில்லை. சார் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நினைச்சேன்" என்றார் சார். "தன் ஆளைச் சேர்க்கப் போயி மொத்தத்தையும் கெடுத்து வச்சிருக்கு. சரி, நல்லவேளை நீ பார்த்த. பதினஞ்சு பேரு போகட்டும். அந்தத் தம்பி பேரை மட்டும் எடுத்துரு. நாளைக்குப் பேச்சு வரும்."

எடுத்தேன். என் கையால்தான் எடுத்தேன். மாதம் முடிந்ததும் அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி நாள் டிராயரைத் திறந்து நோட்டையும் காகிதக் கட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். என் மேஜைக்கு வந்தார். ஏதோ கேட்கப்போகிறவர் மாதிரி நின்றார். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அந்த இன்னொரு பிரிண்டுக்குப் பயந்துகொண்டே இருந்தேன். ஆபீசுக்குப் பெரிய கவர் வந்தால் நானே முதலில் வாங்கிப் பிரிப்பேன். சார் மாற்றலாகிப் போனார், புதியவர் வந்தார், எனக்குப் பதவி உயர்ந்தது. பயம் மட்டும் போகவில்லை. என்றைக்காவது நீட்டுவார், அதற்காகத்தான் இத்தனை நாள் பொறுத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

போன ஐப்பசியில், கட்டிக்கொடுத்த வீடுகளைப் படம் எடுக்க என்னைப் பெரும்பாறைக்கு அனுப்பினார்கள். காப்பித் தோட்டத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் பதினைந்து வீடுகள், ஓட்டுக் கூரையோடு. கடைசியில் ஒன்று மட்டும் தகரமும் நீலத் தார்ப்பாயுமாக. அதன் வாசலில் அக்கா மிளகை அள்ளிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"வாங்க தங்கச்சி. எந்த பஸ்ல வந்தீங்க? தாண்டிக்குடி வழியா வந்ததா? அதுல டிரைவர் யாரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை தூறத் தொடங்கியதால் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார வைத்து வெறும் தேத்தண்ணி கொடுத்தார். பால் இல்லை. தம்பி தோட்டத்து வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பாதி குடித்ததும் என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு எடுத்த இன்னொரு பிரிண்ட் இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

"எது?"

"என் ஃபோல்டர் பேரு வந்துச்சே, அது. ரெண்டு எடுத்திருப்பீங்கல்ல?"

"அதுவா? ஒண்ணுதான் எடுத்தேன் தங்கச்சி. உங்க பேரு அதுல இருந்துச்சுல்ல, இன்னொண்ணு வச்சுக்கிட்டா நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்." மிளகு நனையாமல் தார்ப்பாய்க்கு உள்ளே தள்ளி வைத்தார். "இத்தன வருஷமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். சார் அதைப் பார்த்துட்டு என்ன சொன்னாரு? பார்த்துமா என்னைப் போகச் சொன்னாரு?"

அன்று என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது இதைக் கேட்கத்தான். சார் தாளைப் பார்த்துவிட்டும் நம்பவில்லை என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருக்கிறார். நான் அதைக் கொடுக்காமல் இருந்திருப்பேன் என்று அக்காவுக்கு, எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற அந்த அக்காவுக்கு, ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"சார் அதைப் பார்க்கவே இல்லக்கா" என்றேன். "நான் குடுக்கல. கிழிச்சுப் போட்டுட்டேன்."

அக்கா என்னையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். என் கையிலிருந்த தம்ளரை, பாதித் தேத்தண்ணியோடு, மெதுவாக வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. தார்ப்பாயிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, நான் கெளம்பறேன்" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தேன். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எந்த பஸ்ஸில் போகிறீர்கள் என்று அவர் கேட்கவே இல்லை.